அக்காவுக்காக வைத்த ஃபயர்பிளேஸ்

லவுஞ்சில் ஒரு ஃபயர்பிளேஸ் வைக்கவேண்டும் என்று நான் சொன்னபோது கணவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன்?" என்பதுதான். நியாயமான கேள்வி. பாபகூராவில் நாங்கள் வாங்கிய வீட்டில் ஹீட் பம்ப் இருந்தது. பட்டனை அமத்தினால் சூடு வரும். விறகு வாங்க வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், புகைக்குழாய் துப்புரவாக்க ஆள் கூப்பிட வேண்டாம்.

"குளிருக்கு எண்டால் அது காணும்தானே," என்றார்.

குளிருக்கு என்று நான் எங்கே சொன்னேன்? எனக்கு அது அக்காவுக்காக வேண்டியிருந்தது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. கணவருடைய அண்ணாவின் மனைவி. ஆக்லாந்துக்கு வந்து இறங்கிய முதல் குளிர்காலம் முழுக்க நாங்கள் கிளென்ஃபீல்டில் அவர்கள் வீட்டில்தான் இருந்தோம். இடம் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். வீட்டின் பின்பக்கம், உடுப்புத் தோய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை. தெற்குப் பார்த்த அறை, இந்த நாட்டில் அந்தப் பக்கம் வெயில் எட்டியும் பார்க்காது. காலையில் எழும்பினால் யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் தண்ணீர் வழியும். நான் துவாயால் துடைத்துப் பிழிவேன். சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதையும் துடைப்பேன், அடுத்த கிழமை திரும்ப வந்துவிடும். மகள் அப்போது தவழத் தொடங்கியிருந்தாள். அந்த அறைக்குள்தான் அவளுக்கு இருமல் பிடித்தது. இன்றைக்கும் அவளுடைய கைப்பையில், மூச்சு முட்டினால் வாயில் வைத்து இழுக்கிற பஃபர் இருக்கிறது.

அதே வீட்டின் முன்பக்கத்தில் லவுஞ்ச். அங்கே செங்கல் சுவருக்குள் பதித்த ஃபயர்பிளேஸ். பின்னேரமானால் அண்ணா விறகு அடுக்கிப் பற்றவைப்பார். லவுஞ்சுக்கும் நாங்கள் நடமாடுகிற பக்கத்துக்கும் நடுவில் தள்ளித் திறக்கிற கண்ணாடிக் கதவு ஒன்று இருந்தது. அது எப்போதும் மூடியே இருக்கும்.

"கதவைத் திறந்து வைக்காதேங்கோ, சூடு வெளியில போயிடும்," என்பார் அக்கா.

வெளியில் என்று அவர் சொன்னது நாங்கள் இருந்த பக்கத்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோயில் ஆட்கள் சிலர் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மத்தியானத்திலிருந்து நின்று ரோல்ஸ் பொரித்தது நான். தட்டில் அடுக்கி லவுஞ்சுக்குள் கொண்டுபோனபோது மகளையும் இடுப்பில் வைத்திருந்தேன். அன்று அவளுக்கு நெஞ்சு இரைந்துகொண்டிருந்தது. தட்டை வைத்துவிட்டு நெருப்புக்கு முன்னால் கம்பளத்தில் அவளோடு உட்கார்ந்தேன். அவளுடைய முதுகு சூடாவது என் கைக்குத் தெரிந்தது. சிரித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஆடுகிற நெருப்பை நோக்கிக் கையை நீட்டினாள். அவ்வளவுதான்.

"பிள்ளை நெருப்பைத் தொட்டிடும். உங்கட அறைக்குக் கூட்டிக்கொண்டு போம்," என்றார் அக்கா, வந்த சனத்துக்கு முன்னால். நான் எழும்பக் கொஞ்சம் சுணங்கினேன். அவரே குனிந்து மகளைத் தூக்கி, கதவுக்கு அங்கால் கொண்டுபோய் நிலத்தில் விட்டார். நான் பின்னால் போனேன். கதவு தண்டவாளத்தில் ஓடி, கடைசியில் ரப்பரில் முட்டி நின்றது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கும். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். நான் பொரித்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்துக் கதைத்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து அழுதாள்.

அன்றைக்கு நினைத்தேன், இதை நான் திருப்பிக் கொடுக்காமல் விடமாட்டேன் என்று.

பிறகு மனுரேவாவில் வாடகைக்குப் போனோம். கணவர் வெயர்ஹவுசில் வேலை செய்தார், நான் முதியோர் இல்லத்தில். வருடங்கள் ஓடின. அக்கா வீட்டுப் பிறந்தநாட்களுக்கும் கலியாணங்களுக்கும் போய்வந்தோம். பல்லைக் காட்டிச் சிரித்தோம். ஆனால் கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. நல்ல விறகு மாதிரி அதைக் காயவைத்து, நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே பாபகூரா வீட்டைத் திருத்துகிற காலம் வந்ததும் என் கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. லவுஞ்சில் பதித்த ஃபயர்பிளேஸ் ஒன்று எரியும். அக்கா வருவார். அவரை இந்தப் பக்கம் சாப்பாட்டறையில் இருத்துவேன். நடுவில் கண்ணாடிக் கதவு. அவர் பார்த்துக்கொண்டு இருக்க, நெருப்புக்கு முன்னால் என் மகள் இருப்பாள். கதவை நான் மூடுவேன். ஏன் மூடுகிறேன் என்று அவருக்கு விளங்கவேண்டும். அது விளங்குகிற நேரத்தில் அவருடைய முகம் எப்படிப் போகிறது என்று நான் பார்க்கவேண்டும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தேவையில்லை.

ஷோரூமுக்குப் போனோம். அங்கே வேலைக்கு நின்றவர் மதுரைப் பக்கத்து இளைஞர். எங்களைக் கண்டதும் தமிழுக்கு மாறினார்.

"வீட்டுக்குச் சூடு வேணும்னா, சுவத்தை ஒட்டாம தனியா நிக்கிற ஃப்ரீஸ்டாண்டிங் எடுங்க மேடம். எல்லாப் பக்கமும் சூடு வரும். மேல ஒரு கெட்டில்கூட வைக்கலாம். இன்பில்ட் பாக்க அழகா இருக்கும், ஆனா சூடு முன்பக்கமாத்தான் வரும்."

"ஃப்ரீஸ்டாண்டிங் நல்லதுபோல கிடக்கு," என்றார் கணவர்.

"இன்பில்ட்," என்றேன் நான்.

"ஏன் இன்பில்ட்?"

"எனக்குச் சுவருக்குள்ள வேணும்."

அக்கா வீட்டில் சுவருக்குள்தான் இருந்தது. அதைவிடப் பெரிதாக, அதைவிட அகலமான கண்ணாடியோடு எனக்கு வேண்டும் என்று கடையில் நின்று சொல்ல முடியுமா? ஆனாலும் அந்த இளைஞர் கெட்டிக்காரர். "எந்த இடத்துல உக்காந்து பாப்பீங்க மேடம்? அதை வச்சுத்தான் கண்ணாடி சைஸ் சொல்ல முடியும்," என்று கேட்டார்.

"சாப்பாட்டறையில இருந்து பாத்தால் முழுக்கத் தெரியவேணும்," என்றேன்.

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மாஸ்கிங் டேப் எடுத்து லவுஞ்ச் சுவரில் ஃபயர்பிளேஸின் அளவைச் சதுரமாக ஒட்டினேன். பிறகு சாப்பாட்டறையில் மேசையின் தலைமாட்டில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பார்த்தேன். அதுதான் அக்காவின் இடம். முழங்கால் வருத்தக்காரர், தாழ்வான சோஃபாவில் இருந்தால் எழும்பமாட்டார், ஆகவே மேசைக் கதிரைதான் வசதி என்று யாரும் நம்புவார்கள். அங்கிருந்து வாசலுக்குள்ளால் பார்க்கச் சதுரத்தின் ஒரு ஓரம் நடுச் சுவரில் மறைந்தது. எழும்பிப்போய் டேப்பை உரித்துக் கொஞ்சம் இடப்பக்கமாக ஒட்டினேன். திரும்ப வந்து இருந்தேன். இன்னும் கொஞ்சம். சாய்ந்து பார்த்தேன், கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். தலையை எப்படித் திருப்பினாலும் அக்காவின் கண்ணுக்கு நெருப்புத் தப்பக்கூடாது.

"இஞ்சேரும், நாங்கள் லவுஞ்சில இருந்துதானே பாக்கப்போறம்?" என்றார் கணவர்.

"விருந்தாளியளும் பாக்கவேணும்."

கதவைப் பற்றித்தான் பெரிய சண்டை. பில்டர் இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே மண்டபமாக விடலாம் என்றார். இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். கணவருக்கும் அதில் நல்ல விருப்பம். நான் சுவரை எடுக்கச் சொன்னேன், ஆனால் அந்த இடத்தில் தள்ளித் திறக்கிற கண்ணாடிக் கதவு போடவேண்டும் என்று நின்றேன்.

"இந்தக் கதவு என்னத்துக்கு?"

"சூடு வெளியில போகாமல்," என்றேன்.

கேட்டது கணவர். அந்த வசனம் அவருக்கும் தெரியும். அவரும் அந்த அறையில் படுத்தவர்தானே. "அது பழங்கதை. விடும் அதை," என்றார் மெதுவாக. நான் விடவில்லை. கடைக்குப் போய்க் கதவுகளைத் தள்ளித் தள்ளிச் சத்தம் கேட்டு, கடைசியில் சரியாக முட்டி நிற்கிற ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். கடைக்காரப் பெண்மணி, சத்தமே போடாத கதவும் இருக்கிறது என்று காட்டினார். வேண்டாம் என்றேன்.

கவுன்சில் அனுமதி இழுபட்டது. ஆக்லாந்தில் நினைத்தவுடன் நெருப்பு மூட்டிவிட முடியாது. எந்த மாதிரி அடுப்பு, எவ்வளவு புகை, கூரையை எங்கே துளைப்பது என்று எல்லாம் காட்டவேண்டும். அனுமதி வந்தபோது ஆனி மாதம் கடைசிக்கு வந்துவிட்டது. அடுத்து ஆடி. ஆடியில் புது வேலை தொடங்க மாட்டோம். ஊரில் ஆடி என்றால் காற்று, கூழ். இங்கே ஆடிதான் குளிர் எலும்பைக் கடிக்கிற மாதம். ஆவணி மட்டும் காத்திருந்தால் குளிர் இறங்கத் தொடங்கிவிடும். குளிராத நாளில் அக்காவைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம்? கோயில் ஐயரிடம் கேட்டேன். ஆனி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை காலை நல்லது என்றார்.

வேலையாட்கள் வெள்ளிக்கிழமைதான் முடித்தார்கள். சுவருக்குள் கறுப்பாக, அகலமாக, அவ்வளவு வடிவாக நின்றது. போகுமுன் அவர்களில் மூத்தவர் கணவரிடம் ஏதோ சொன்னார். கணவர் வந்து எனக்குச் சொன்னார்.

"இப்பவே ஒருக்கால் எரிச்சுக் காட்டிட்டுப் போறாராம். முதல் ரெண்டு மூண்டு தரம் சின்னனாத்தான் எரிக்கவேணுமாம். புதுப் பெயின்ட் சூட்டில இறுகேக்க மணக்குமாம்."

"வேண்டாம்."

"ஏன்?"

"நாள் பாத்து வைச்சிருக்கு. அதுக்கு முன்னம் ஆரும் பத்தவைக்கக் கூடாது. முதல் நெருப்பு பிள்ளையின்ர கையாலதான்."

புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் கேஸ்காரன் அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்கட்டும் என்று நம் ஆட்களில் யாராவது விடுவார்களா? கணவரும் அதை ஒத்துக்கொண்டார். வேலையாட்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று எனக்குச் சந்தோஷம். அண்ணாவும் அக்காவும் நேரத்துக்கு வந்தார்கள். அக்கா கம்பளிச் சட்டைக்கு மேல் சால்வை போட்டிருந்தார். கையில் ஒரு பை நிறையக் காய்ந்த பைன் காய்கள்.

"முதல் நெருப்புக்கு இதுதான் நல்லது பிள்ளை. கெதியில பத்தும். நானே பொறுக்கிக் காய வைச்சனான்," என்றார்.

நன்றி சொல்லி வாங்கி, திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். என் நெருப்புக்கு அவருடைய காய் தேவையில்லை. முழங்காலைச் சொல்லி, மேசைத் தலைமாட்டுக் கதிரையில் இருத்தினேன். நான் அளந்து வைத்த இடம். நேராக ஃபயர்பிளேஸைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கதவு இன்னும் திறந்திருந்தது. முதலில் பற்றட்டும், பிறகு மூடுவோம் என்று விட்டிருந்தேன். சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, மகளை நெருப்பு வைக்கச் சொன்னேன். யூனிவர்சிட்டிக்குப் போகிற பிள்ளை. இதெல்லாம் அவளுக்கு வேடிக்கை. ஆனாலும் குனிந்து கவனமாகப் பற்றவைத்தாள். சுள்ளி பிடித்தது. அடுக்கியிருந்த மனுக்கா மரத்து விறகு பிடித்தது. நல்ல பெரிய நெருப்பு. சின்னதாக எரிக்கச் சொன்னார்கள் என்பது ஞாபகம் இருந்தது. ஆனால் அக்காவுக்குக் காட்டவென்று வைத்த நெருப்பை யார் சின்னதாக எரிப்பார்கள்?

"வடிவா எரியுது," என்றார் அக்கா அங்கிருந்து. "நீ சின்னனில நெருப்பைக் கண்டால் ஓடி வருவாய் பிள்ளை. சுட்டுக்கொள்ளுவாய் எண்டு நான்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் விடுறது."

"ரியலி, பெரியம்மா?" என்று மகள் சிரித்தாள்.

அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் தான் காப்பாற்றியதாக ஞாபகம் இருந்தது. தூக்கிக்கொண்டு போய் எங்கே விட்டார் என்பதைச் சொல்லவில்லை. சரி, இப்போது விளங்கப்படுத்துகிறேன் என்று கதவடிக்குப் போனேன். கைபிடியில் கையும் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் மணம் வந்தது.

முதலில் லேசாக, இஸ்திரிப் பெட்டி சூடாகிற மாதிரி. பிறகு ஒரேயடியாக. கறுப்புப் பெயின்டிலிருந்து மெல்லிய புகை எழும்பிச் சுவரோடு ஏறியது. கண் எரிந்தது. கூரையில் இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. கணவர் துவாயை எடுத்து அதற்குக் கீழே விசிறினார். அண்ணா, "யன்னலைத் திறவுங்கோ, யன்னலைத் திறவுங்கோ," என்று சொல்லிக்கொண்டு தானே திறந்தார். லவுஞ்சின் எல்லா யன்னல்களும், வெளியே போகிற கண்ணாடிக் கதவும் திறந்தன. உறைபனிக் காற்று உள்ளே வந்து நின்றது.

மகள் இருமினாள். சாதாரண இருமல் இல்லை. அந்த இருமல் எனக்குத் தெரியும், அது நெஞ்சின் அடியிலிருந்து வரும். பஃபரைத் தேடி நான் கைப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும்போது அக்கா கதிரையிலிருந்து எழும்பி வந்தார், முழங்கால் வருத்தத்தோடுதான். மகளின் தோளில் சால்வையைப் போட்டார்.

"பிள்ளைக்கு இந்த மணம் ஆகாது. இஞ்சால வா," என்று கையைப் பிடித்துச் சாப்பாட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் ஓடிப்போய் மகளின் கையில் பஃபரைக் கொடுத்தேன். அவள் இழுத்தாள். கொஞ்சம் ஆறியது. அண்ணாவும் கணவரும் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அங்கே ஹீட் பம்ப் வேலை செய்துகொண்டிருந்தது, இளஞ்சூடாக, மணமில்லாமல்.

"அதை ஆராவது பாக்கவேணுமே," என்றார் அண்ணா, லவுஞ்சைக் காட்டி. "எரியிற நெருப்பை விட்டுட்டு வரக் கூடாது. அதுவும் முதல் நெருப்பு, அணைக்கவும் கூடாது."

"நான் பாக்கிறன்," என்றேன். வேறு யார் பார்ப்பது? என்னுடைய நெருப்பு. திரும்ப லவுஞ்சுக்குள் போனேன்.

எனக்குப் பின்னால் கதவு தண்டவாளத்தில் ஓடி, ரப்பரில் முட்டி நின்றது.

திரும்பிப் பார்த்தேன். கைபிடியில் அக்காவின் கை. கண்ணாடிக்கு அங்கால் மகள் மேசைத் தலைமாட்டுக் கதிரையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். அக்கா அவளுடைய முதுகைத் தடவினார். யாரோ ரோல்ஸ் தட்டை நகர்த்தினார்கள். அன்று காலையும் நான்தான் பொரித்தது. மகள் ஒன்றை எடுத்துக் கடித்து ஏதோ சொன்னாள், அக்கா சிரித்தார். அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் அளந்த அளவு சரிதான். அந்தக் கதிரையும் நெருப்பும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதை முழுக்கப் பார்க்கலாம்.

நெருப்பு இறங்கத் தொடங்கியது. சுள்ளி முடிந்துவிட்டது. பெரிய விறகு பிடிக்காமல் புகைந்தது. முதல் நெருப்பு இப்படிச் சாகக்கூடாது. கராஜுக்குப் போனால் சுள்ளி எடுக்கலாம், ஆனால் நெருப்பை விட்டுவிட்டுப் போக முடியாது. கடைசியில் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அக்காவின் பையை எடுத்தேன். இரண்டு பைன் காய்களைப் போட்டேன். உடனே பற்றியது. எரிச்சலில் இன்னும் நாலைப் போட்டேன். கொழுந்துவிட்டு எரிந்தது. முன்பக்கம் கன்னம் சுட்டது, முதுகு விறைத்தது. கடைக்காரர் சொன்னது சரி, சூடு முன்பக்கமாத்தான் வந்தது. அதையும் காற்று வெளியே கொண்டுபோனது.

கதவு கொஞ்சம் திறந்தது. அக்கா தலையை நீட்டினார். முழங்காலில் ஒரு கையை ஊன்றியிருந்தார். முகத்தில் நான் பார்க்க ஆசைப்பட்ட எதுவும் இல்லை. வெட்கம் இல்லை, விளங்கிய மாதிரி இல்லை. என்னைப் பற்றிய கவலைதான் இருந்தது, அதுவும் உண்மையான கவலை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அதுல நிண்டு விறைக்காமல் உள்ளுக்கு வாரும் பிள்ளை," என்றார். "அது தன்ரபாட்டில எரியும். கெதியா வாரும், சூடு வெளியில போகுது."

கிளென்ஃபீல்ட் வீட்டின் அந்த நடையில், மகள் கண்ணாடியில் கைவைத்து அழ அழ, இந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் காத்து நின்றேன். உள்ளுக்கு வாரும். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் இந்தச் சுவரும் இல்லை, கதவும் இல்லை, கூரையில் ஓட்டையும் இல்லை.

உள்ளே போனேன். கை விறைத்துப்போய்விட்டது, போகாமல் என்ன செய்வது? அக்கா எனக்குப் பின்னால் கதவை மூடினார். என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தார். பழைய குற்றத்தை நான் ஒருவேளை எப்போதாவது மறந்தாலும் மறப்பேன். ஆனால் என் வீட்டில், நான் சத்தம் கேட்டு வாங்கிய கதவைத் திறந்து, என்னை உள்ளே கூப்பிட்டாரே, அதை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.